ஒரு தம்ளர் பாலும் ஒரு மைல் ஓட்டமும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மேல் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. புறப்படும் தினத்தில் பூரியும் கிழங்கும் வேண்டாம். இரண்டு இட்டிலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மலை சுமார் 800 அடி உயரம். படிகள் முதலில் சாதுவாகத்தான் தொடங்கும். பாதி வழியில்தான் அவற்றின் சுயரூபம் தெரியும்.

நானும் நம் பத்திரிகைப் புகைப்படக்காரரும் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. பெருமையான சமாசாரம், எழுத வேண்டாமா? எழுதத்தான் போனோம். வழியில் வேறொரு விஷயம் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. கோட்டையைப் பற்றி இன்னொரு தடவை எழுதுகிறேன்.

புகைப்படக்காரர் நல்ல மனிதர், சரீரமும் தாராளம். ஒவ்வொரு வளைவிலும் நின்று, "இங்கேயிருந்து ஒரு படம் நன்றாக வரும்" என்பார். எடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. நானும் மறுப்புச் சொல்லவில்லை. எனக்கும் மூச்சு வாங்கிற்று.

ஒரு வழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். முழுதும் ஏறும் முன் மலையில் ஒரு பிளவு குறுக்கிடுகிறது. அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் அப்பால் போக வழி கிடையாது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்ததே, அது ஏன் என்று அங்கே நின்று பார்த்தால் புரியும். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். மேலே இருப்பவனுக்குக் கல்லை உருட்டினால் போதும். கீழே இருந்து ஏறுகிறவனுக்குத்தான் நெஞ்சில் பலம் வேண்டும்.

மலையடிவாரத்தில் தானியக் களஞ்சியம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, வீரர்களின் உடற்பயிற்சிக் கூடம் என்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நெல் ஒரு பக்கம், கஸரத் ஒரு பக்கம். எந்தத் தளகர்த்தர் யோசனையோ, வீட்டைக் கட்டி ஆளும் ஒரு தாய்க்குத் தெரிந்த ரகசியம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. உழைக்கச் சொல்ல வேண்டுமானால் சோற்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும்!

கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காவலாளி ஒருவர், "கஸரத் பார்க்கணும்னா இங்க என்ன இருக்கு? விடியக்காலம் அனந்தபுரம் பக்கம் ரோட்டுல போய் நில்லுங்க. பட்டாளத்துக்குப் போற பசங்க ஓடுவாங்க" என்றார்.

அனந்தபுரம் செஞ்சிக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கும் பேரூர். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அங்கே போய் நின்றோம். இருட்டு முழுதும் பிரியவில்லை. மல்லாட்டைக் கொல்லைகளின் மேல் பனி. (சென்னை வாசகிகளுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. தென்னாற்காட்டுப் பக்கம் அதுதான் பெயர்.) முதலில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு நான்கைந்து பையன்கள் வரிசையாக ஓடி வந்தார்கள். கடைசியில் ஒரு பையன். அவனுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஒரு பெண். அவள் ஒரு கையால் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒரு வீட்டு வாசல் வந்ததும், "ஸ்டாப்!" என்று கத்தினாள்.

"எவ்ளோ?" என்று கேட்டது வாசலில் நின்ற தாயார்.

"அஞ்சு முப்பத்தெட்டு."

தாயார் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து பையன் கையில் கொடுத்தாள்.

ஐந்து நிமிஷம் முப்பத்தெட்டு விநாடி என்பது நல்ல ஓட்டம்தானே, ஏன் முகம் வாடவேண்டும் என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து கணக்கைச் சொன்ன பிறகுதான் சங்கதி விளங்கிற்று.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் ராலியில் ஓட வேண்டிய தூரம் 1.6 கிலோ மீட்டர். அதாவது ஒரு மைல். ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடி முடித்தால் 60 மார்க்கு. ஒரு விநாடி கூடினால், ஐந்தே முக்கால் நிமிஷம் வரைக்கும் 48 மார்க்குதான். அப்புறம் கம்பியில் தொங்கி மோவாய் கம்பிக்கு மேலே வரும்படி எழும்ப வேண்டும், 'புல்-அப்' என்கிறார்கள். பத்துத் தடவை எழும்பினால் 40 மார்க்கு. ஒன்பது என்றால் 33. ஒரே ஒரு தடவை கை தளர்ந்ததற்கு ஏழு மார்க்கு அபராதம்! இதற்கு மேல் ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும். கோணல் மாணலாகப் போகும் ஒரு கட்டை மேல் விழாமல் நடக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் மார்க்கு இல்லை, தேறினால் போதும்.

ஆகவே அந்தப் பையனுக்கும் 60 மார்க்குக்கும் நடுவே நிற்பது எட்டு விநாடி. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் அந்த எட்டு விநாடி போய்விடும். அவனுக்கோ அது நான்கு மாதமாகப் போக மறுக்கிறது.

எழுத்துத் தேர்வில் அவன் தேறிவிட்டான். 2023 முதல் எழுத்துத் தேர்வு முந்தி, ஓட்டம் பிந்தி என்று மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பு ராலிதான் முதலில். ஆயிரக்கணக்கான பையன்கள் ரயிலேறி வந்து மைதானத்துக்கு வெளியே படுத்துக் கிடப்பார்கள். அந்த மட்டில் இந்த மாற்றம் நல்லதுதான். வயதுதான் இப்போது அவனைத் துரத்துகிறது. 2022-ல் அக்னிவீர் திட்டம் வந்தபோது போட்ட விதி, பதினேழரை வயது முதல் இருபத்தொன்று வரை. அதற்கு முந்திய இரண்டு வருஷம் கொரோனாவால் ஆள் எடுப்பே நடக்கவில்லை. ஓடி ஓடிப் பழகிய பையன்கள் பலருக்கு, காத்திருந்தே வயது கடந்துவிட்டது. அதனால் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் இருபத்து மூன்று வரை அனுமதித்தார்கள்.

செஞ்சி மண்ணில் 1714-ல் வீர மரணம் எய்திய ராஜா தேசிங்குக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்பார்கள். அந்த விதிப்படி பார்த்தால் தேசிங்குக்கே 'ஏஜ் பார்'! இதைச் சொன்னபோது பையன் சிரித்தான். அவன் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

அவன் தகப்பனார் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். வீட்டில் ஒரே ஒரு கறவை மாடு. பாலெல்லாம் சொசைட்டிக்குப் போகிறது. ஒரு தம்ளர் மட்டும் நிற்கிறது, அது பையனுக்கு.

அந்தத் தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஏங்க, நீங்க படிச்சவங்க. எட்டு செகண்டுக்கு என்ன சமைச்சுப் போடணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்தத் தம்ளரைப் பார்த்ததும் மில்கா சிங் ஞாபகம் வந்தது.

மில்கா சிங்கை உங்களுக்குத் தெரியும். பாகிஸ்தான் பிரிவினையில் பெற்றோரைப் பறிகொடுத்து, அகதியாக டில்லிக்கு வந்த சிறுவன். மூன்று தடவை ராணுவம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிற்று. நாலாவது தடவை எடுத்துக்கொண்டது. செகந்திராபாத்தில் பயிற்சி. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களெல்லாம் காடு மேடாக ஒரு நீண்ட ஓட்டம் ஓட வேண்டும் என்று உத்தரவாயிற்று. முதல் பத்துப் பேரைப் பொறுக்கித் தனிப் பயிற்சி கொடுப்பார்கள். அப்படி ஓடுகிறவனுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தம்ளர் பால் கிடைக்கும். "அந்தப் பாலுக்காகத்தான் ஓடினேன்" என்று பிற்காலத்தில் அவர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். அன்று அவர் வந்தது ஆறாவதாக.

அந்த ஒரு தம்ளர் பாலின் வட்டியைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். 1958-ல் கார்டிப் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 440 கெஜ ஓட்டத்தில் தங்கப் பதக்கம். அதே வருஷம் ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கம். சாதாரண சிப்பாயாக இருந்தவரை ராணுவம் ஜே.ஸி.ஓ. ஆக்கிற்று. 1959-ல் பத்மஸ்ரீ. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் நாலாவது இடம். 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பிறகு ஏற்பட்ட கோளாறினால் காலமானார். மாட்டுக்குத் தெரியுமா, தன் பால் எங்கே போயிற்று என்று!

ராணுவத்தில் தேகபலத்துக்குப் பரிசு கொடுப்பது அன்றும் இன்றும் இரண்டு விதம். ஒன்று, மில்காவைப் போல வெளியே தெரியும் பரிசு. இந்தக் காலத்து உதாரணம் நீரஜ் சோப்ரா. ஈட்டி எறிந்த கைக்காக 2016-ல் நேரடியாகவே நாயிப் சுபேதார் பதவி கொடுத்தார்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். 2025-ல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். நம் பக்கத்துப் பிள்ளைகளும் குறைந்தவர்கள் அல்ல. திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்தில் சேர்ந்தவர். 2014-ல் இஞ்சியான் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். 2017-ல் அர்ஜுனா விருது. டோக்கியோவில் நால்வர் தொடர் ஓட்டத்தில் 3 நிமிஷம் 0.25 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்த இந்தியக் குழுவிலும் அவர் இருந்தார்.

புதுக்கோட்டைப் பக்கத்து லட்சுமணனின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். அவரும் ராணுவ வீரர். 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். மறு வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஊரெல்லாம் வெண்கலம் என்று கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே அறிவிப்பு வருகிறது: ஓடும்போது கோட்டுக்கு வெளியே காலை வைத்துவிட்டார், பதக்கம் கிடையாது! இருபத்தைந்து சுற்று ஓடிய மனிதன்; ஓர் அடி பிசகிற்று. முறையிட்டும் பயனில்லை.

அப்போது மத்திய விளையாட்டு அமைச்சராக இருந்தவர் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர். அவரும் ராணுவத்தில் கர்னலாக இருந்தவர்; 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுட்டு வெள்ளி வாங்கியவர். லட்சுமணனை அழைத்து, இதை விசேஷமாக வைத்துப் பத்து லட்ச ரூபாய் கொடுத்தார். பதக்கம் பறிபோயிற்று, பரிசு போகவில்லை. சட்டப் புத்தகத்தில் இதற்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இது சரியான காரியமாகவே படுகிறது.

இரண்டாவது வகைப் பரிசு பத்திரிகையில் வராது. ராணுவத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் காலாகாலத்தில் உடல் தகுதிச் சோதனை உண்டு. ஐந்து கிலோ மீட்டர் ஓட்டம், 60 மீட்டர் வேக ஓட்டம், நட்டுக் கட்டிய கயிற்றில் ஏறுதல், குறுக்கே கட்டிய கயிற்றில் தொத்திப் போதல், ஒன்பது அடிப் பள்ளம் என்று வெகு காலம் வழங்கி வந்தது. 'எக்ஸலென்ட்', 'குட்' என்று தரம் போடுகிறார்கள். அது அதிகாரிகளின் வருஷாந்தரக் குறிப்பில் ஏறுகிறது. பதவி உயர்வு வரும்போது அந்தக் குறிப்பைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஆக, இங்கே பரிசு கையில் காசாக வருவதில்லை.

கையில் காசாகவே கொடுக்கும் ஊர் ஒன்று உண்டு. அது சிங்கப்பூர்.

அங்கே 1967 முதல் தேசிய சேவை. தமிழ்ப் பையன்களும் சீன, மலாய்ப் பையன்களோடு சேர்ந்து இரண்டு வருஷம் துப்பாக்கி தூக்கியாக வேண்டும். அதோடு விட்டதா? வீட்டுக்கு வந்து, வேலை தேடி, கல்யாணம் செய்து, தொப்பையும் வைத்த பிறகும் ஆண்டுதோறும் உடல் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். 'ஐ.பி.பி.டி.' என்று பெயர். 2015 முதல் மூன்றே அயிட்டம்: தண்டால், படுத்து எழுந்திருத்தல், 2.4 கிலோ மீட்டர் ஓட்டம். தண்டாலுக்கு 25 புள்ளி, படுத்தெழுவதற்கு 25, ஓட்டத்துக்கு 50. எண்பத்தைந்து புள்ளி எடுத்தால் தங்கம். பரிசு ஐநூறு வெள்ளி. (சிங்கப்பூர்த் தமிழர் டாலரை வெள்ளி என்பார்கள்.) எழுபத்தைந்துக்கு முந்நூறு வெள்ளி. அறுபத்தொன்றுக்கு இருநூறு. ஐம்பத்தொன்று எடுத்தால் தேர்ச்சி மட்டும், வெள்ளி கிடையாது. வயது ஏற ஏற அளவையும் குறைத்துக்கொண்டே போகிறார்கள். முப்பத்தெட்டு வயதுக்காரரை இருபது வயதுப் பையனோடு மல்லுக்கு நிறுத்துவதில்லை.

இந்தச் சோதனைக்கு வருஷம் எண்ணுவது பிறந்த நாள் முதல் பிறந்த நாள் வரை. அங்கே உள்ள இல்லத்தரசிகளின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். பிறந்த நாள் நெருங்குகிறது. பாயசம் வைப்பதா, வேண்டாமா? வருஷம் பூரா சோபாவில் சாய்ந்திருந்த மனிதர், கெடு முடிய ஆறு வாரம் இருக்கும்போது திடீரென்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவைத் தேடுகிறார்! தேறாதவர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. 2021 முதல் அதையும் கொஞ்சம் இளக்கி, பத்துத் தடவை பயிற்சிக்கு வந்தால் போதும் என்று செய்திருக்கிறார்கள்.

காசு கொடுத்தால் மட்டும் உடம்பு வந்துவிடுமா என்று கேட்கலாம். என் அபிப்பிராயம் கேட்டால், வராது. ஆனால் ஷூவைத் தேட வைக்கும். ஐநூறு வெள்ளிக்காக முதல் வாரம் ஓடுகிறவர், நாலாவது வாரம் நன்றாகத் தூங்குகிறார். அந்தத் தூக்கத்துக்காக ஐந்தாவது வாரம் ஓடுகிறார். இது சிங்கப்பூர் சர்க்காருக்குத் தெரியாமலா இருக்கும்?

அமெரிக்கர்கள் வழி வேறு. அங்கே 1986-ல் உடல் தகுதிக்கென்றே துணியில் ஒரு சின்னம் உண்டாக்கினார்கள். உயர்ந்த மார்க்கு வாங்கிய சிப்பாய் பயிற்சி உடுப்பில் தைத்துக்கொள்ளலாம். அதைவிட வேடிக்கை, இடுப்பளவு சமாசாரம். அமெரிக்கத் தரைப்படையில் எடை கூடினவர்களைத் தையல்காரர் மாதிரி டேப் வைத்து அளப்பது வழக்கம். உடம்பெல்லாம் இறுகிய தசையாக இருக்கிறவனும் எடையில் கூடத்தானே இருப்பான்? அவனையும் அளந்தார்கள். கடைசியில் 2023-ல், அறுநூறுக்கு 540 புள்ளி எடுத்தவர்களுக்கு இந்த டேப்பிலிருந்து விடுதலை என்று அறிவித்தார்கள். காசில்லை, பதக்கமில்லை, அளக்க மாட்டோம் என்பதே பரிசு! ஜவுளிக் கடையில் நிற்கும்போது நம்மில் எத்தனை பேர் இந்தப் பரிசுக்கு ஆசைப்படுவோம்!

இன்னொன்று. 1908-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், கடற்படைச் சிப்பாய்களின் அதிகாரிகள் ஐம்பது மைலை இருபது மணி நேரத்தில் நடந்து காட்ட வேண்டும், அதை மூன்று நாளில் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். அந்தக் காகிதம் 1963-ல் ஜனாதிபதி கென்னடி கண்ணில் பட்டது. இன்றைய அதிகாரிகளால் முடியுமா என்று கேட்டார். கேட்டது அதிகாரிகளை. நடந்தது ஊர்ச்சனம்! மாணவர்களும் குமாஸ்தாக்களும் கிளம்பிவிட்டார்கள். ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி பிப்ரவரிக் குளிரில் சாதாரணத் தோல் பூட்ஸோடு ஐம்பது மைலையும் நடந்தே முடித்தார்.

இனி அனந்தபுரத்துத் திண்ணைக்குத் திரும்புவோம். எட்டு விநாடிக்கு என்ன சமைப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தத் தாயார் செய்துகொண்டிருப்பதில் தவறு ஒன்றுமில்லை. கேழ்வரகுக் கூழ், முளைகட்டிய பயறு, அவித்த மல்லாட்டை, வாரம் நாலு முட்டை, முருங்கைக் கீரை. இதற்கு மேல் டப்பாவில் விற்கும் மாவெல்லாம் வேண்டியதே இல்லை. வீட்டில் ஓடும் பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு விஷயம். ஓட்டத்தை ஒரேயடியாகக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும். பையன் "சும்மா வலிக்குது" என்பான். எலும்பின் ஒரே இடத்தில், விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தால், அது சும்மா வலி அல்ல. ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல், வெயிலில் ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. ராலிக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் வேகம் வரும் என்று யாராவது சொன்னால், அந்த மனிதரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பையன் இதைக் கேட்டுவிட்டு, "மெதுவா ஓடி ஃபெயிலானா அதுக்கு எந்த டாக்டர் சார்?" என்றான். நியாயமான கேள்வி. வேலையே பரிசாக இருக்கும்போது உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வது எளிது, கேட்பதுதான் கஷ்டம்.

அந்த வேலையும் நிரந்தரம் அல்ல. 2022-ல் அறிவித்த திட்டப்படி நாலு வருஷச் சேவை. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். நாலாவது வருஷம் 40,000. அதில் நூற்றுக்கு முப்பது பிடித்து வைத்து, சர்க்காரும் அதே அளவு போட்டு, வெளியே வரும்போது சுமார் 11.71 லட்ச ரூபாய் கையில் கொடுப்பார்கள். பென்ஷன் கிடையாது. நாலு பேரில் ஒருவரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வோம் என்பது அறிவிப்பு. யார் அந்த ஒருவர் என்பது நாலு வருஷமும் எப்படி வேலை செய்தான் என்பதைப் பார்த்து முடிவாகும். ஆகவே ராலியோடு ஓட்டம் முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பம். வேறு எந்தத் தேசத்துச் சின்னமும் வெள்ளியும் இவ்வளவு கனமான பரிசு அல்ல. ஒரு குடும்பத்தின் கடன், தங்கையின் படிப்பு, கூரை மாற்றுவது எல்லாமே அந்த எட்டு விநாடியில் தொங்குகின்றன.

"நாலு வருசம் கழிச்சு வெளிய வந்தாலும் இருபத்தஞ்சு வயசுதானேங்க" என்றாள் தாயார். "ஒடம்பு அவன்கிட்டதானே இருக்கும்?"

கிளம்பும் சமயம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தேன். பிளஸ் டூ படிக்கிறாளாம், பதினேழு வயது. நான்கு மாதமாகத் தினமும் விடியற்காலை எழுந்து அண்ணனுக்கு நேரம் பார்ப்பது இவள்தான். பேச்சுக்கு இருக்கட்டுமே என்று, பெண்களையும் எடுக்கிறார்கள் என்ற விஷயத்தைச் சொன்னேன். ராணுவப் போலீஸில் முதல் அணிப் பெண் வீரர்கள் 83 பேர் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து வந்தார்கள். சென்னைப் பரங்கிமலையில் 1992 முதலே பெண் அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள். 2025 மே மாதம் புனே அருகேயுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல் தடவையாகப் பதினேழு பெண்கள் தேறி வந்தார்கள். அக்னிவீர் ராணுவப் போலீஸுக்குப் பெண்கள் அதே ஒரு மைலை ஏழரை நிமிஷத்தில் ஓடினால் முதல் பிரிவு. எட்டு நிமிஷத்துக்குள் ஓடினால் இரண்டாம் பிரிவு. நீளம் பத்து அடி தாண்ட வேண்டும். உயரம் மூன்று அடி.

"தெரியும்" என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமலே.

"எப்படித் தெரியும்?"

"ஒரு நா அண்ணன் வரல. நானே ஓடிப் பாத்தேன்."

"எத்தனை நிமிஷம்?"

அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். அம்மாவை ஒரு தடவை பார்த்தாள்.

"எட்டு பத்து."

எட்டு நிமிஷம் பத்து விநாடி. பயிற்சி இல்லாமல், ஷூ இல்லாமல்! அண்ணன் திண்ணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். புகைப்படக்காரர் காமிராவைத் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, இறக்கிவிட்டார்.

பால் சொசைட்டி வண்டியின் மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. தாயார் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரை வந்தாள். அங்கே நின்றாள். கேனைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு தம்ளர் எடுத்து வந்தாள்.